ஃபில்தி என்றால் மிகவும் என்று பொருள்

தெரியாத சொல்லால் யாருக்கும் ஆபத்து வந்ததில்லை. தெரியாது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருப்போம், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். ஆபத்தெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சொல்லால்தான் வருகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஓர் ஒலிவாங்கிக்கு முன்னால், ஒரு தோட்டத்துச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'டி' எடுத்திருந்தேன். அதிவிசேட சித்தி. கண்டிக்கு மேலே ஹந்தானையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதற்கு முன் யாரும் அப்படி எடுத்ததில்லை. அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் லயத்துக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் சந்தேகம் இல்லை. யாருடைய வீட்டு மருந்துப் போத்தலையும் வாசித்துச் சொல்வேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்தாமல் போய்விடுவேன். (நிறுத்தினாத்தானே அடுத்தவங்களுக்குத் தெரியும்.)

இந்தத் தகுதியோடு நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தொண்டர் ஆசிரியை என்றால் அரசாங்க நியமனம் இல்லாதவள். பெற்றோர்கள் சேர்ந்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு, என்றாவது ஒருநாள் நியமனம் வரும் என்று காத்திருப்பவள். காலையில் கண்டிக்கு இறங்கி, நாவலப்பிட்டி ரயிலைப் பிடித்து, அங்கிருந்து மலை ஏறிப் போவேன். கால் வலிக்கும். ஆனால் பிள்ளைகள் "குட் மார்னிங் டீச்சர்" என்று எழுந்து நிற்கும்போது கால் வலி மறந்து, தலைக்கனம் வந்துவிடும்.

அந்த ரயிலில்தான் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது. யாரோ இருக்கையில் விட்டுப்போன ஓர் ஆங்கிலச் சஞ்சிகை. அதில் வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை. 'ஹீ இஸ் ஃபில்தி ரிச்' என்று தொடங்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய படம். வெள்ளைக் கப்பல், வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, வாய் நிறைய வெள்ளைப் பல். அந்தப் படத்தில் அழுக்கு என்ற எண்ணம் வருவதற்கே இடம் இல்லை. ரிச் என்றால் பணக்காரன், அது தெரியும். அப்படியானால் ஃபில்தி என்றால் 'மிகவும்' என்றுதான் இருக்க வேண்டும். கம்பளை வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன்.

கண்டியில் நூலகம் இருந்தது. நூலகத்தில் தடித்தடியாக அகராதிகள் இருந்தன. என்னிடம் சந்தேகம்தான் இருக்கவில்லை.

எங்கள் அதிபர் சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பாடசாலைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தனியாகத் தங்கியிருந்தார். கூரை ஒழுகினால் தானே ஏறித் தகரம் மாற்றுவார். பிள்ளைகள் வராவிட்டால் லயத்துக்கே போய்க் கதவைத் தட்டுவார். எந்தக் கணக்கும் அவருக்குப் பயந்தது. அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், ஆங்கிலத்துக்கு.

ஒருநாள் இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆங்கில தினத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்தில இருந்து மல்காந்தி மேடம் வாறா. ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பான ஆள். நான் வரவேற்புரை சொல்லவேணும். நீர்தான் எழுதித் தரவேணும்."

"சரி சேர்."

"வடிவா எழுதும். உம்மட நியமனமும் அவவின்ர கையிலதான் கிடக்கு. நேர்முகத்துக்கு ஆக்களைச் சிபாரிசு செய்யிறது அவதான். அதை மனசில வச்சு எழுதும்."

மனதில் வைத்துத்தான் எழுதினேன். நியமனமே கையில் இருக்கும் ஒருவரைச் சும்மா 'வெரி' போட்டு வரவேற்க மனம் வரவில்லை. 'வெரி' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது. அந்தக் கப்பல்காரருக்குக் கிடைத்த மரியாதை எங்கள் மேடத்துக்கும் கிடைக்க வேண்டாமா? வரவேற்புரையில் கை தாராளமாக ஃபில்தியைத் தூவினேன். அதோடு விட்டேனா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு எழுதினேன். வாசலில் கட்டுவதற்குச் சிவப்புத் துணியில் பஞ்சு ஒட்டி ஒரு பதாகையும் செய்தேன்.

எழுதிக் கொடுத்ததைச் சேர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன சொல்லு பிள்ளை? எனக்கு விளங்கேல்லை."

"ஃபில்தி சேர். மிகவும்னு அர்த்தம்."

"அப்ப 'வெரி' எண்டே போடலாமே?"

"வெரி எல்லாரும் போடுறது சேர். இது படிச்சவங்க பாவிக்கிற சொல்."

சேர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "ஓம், நீர் சொன்னாச் சரிதான்" என்றார். அந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று மாலையிலிருந்து அவர் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். மணி அடிக்கப் போகும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார்.

ஆங்கில தினம் வந்தது. அதற்கு முதல் நாள் மழையும் வந்தது. எங்கள் பாடசாலைக்கு வரும் பாதை வெயில் காலத்திலேயே பாதி பாதைதான். மழை பெய்தால் வயல். மேடம் வந்த ஜீப் பாதி வழியில் புதைந்துவிட்டது. அவர் இறங்கி நடந்தார். ஒரு கால் சேற்றுக்குள் போனது, அதை எடுக்க முயன்றபோது மற்றக் காலும் போனது. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து அவரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மலை ஊற்றுப் பீலியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவிவிட்டார்கள். அவருடைய சேலையின் கரையைப் பிழிந்துவிட்டார்கள். ஆனால் கழுவிய இடத்துக்கும் பாடசாலைக்கும் இடையில் இன்னும் கொஞ்சம் பாதை இருந்தது. அது தன் பங்கைச் செய்தது.

அப்படியாக முழங்கால் வரை சேறும், கையில் சப்பாத்துமாக, கிளார்க் ஒருவர் பின்னால் வர, மல்காந்தி மேடம் எங்கள் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே, சிவப்புத் துணியில், வெள்ளைப் பஞ்சில், ஆங்கிலத்தில், என் பதாகை: 'மேடத்துக்கு ஃபில்தி வரவேற்பு.'

அவர் பதாகையைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடியும் பதாகையைப் பார்த்தார். நான் மாலையோடு பக்கத்தில்தான் நின்றேன். என் எழுத்து அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

எனக்கு அவரைப் பார்த்ததும் ஆச்சரியம். பெரிய அதிகாரி என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்திருந்தேன். இவர் என் அக்கா வயதுதான் இருப்பார். சேற்றோடு நின்றபோதும் ஏதோ சப்பாத்தைக் கையில் பிடிப்பதுதான் வழக்கம் என்பதுபோல நின்றார். மாலையை வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மண்டபத்தில் பெற்றோர்கள் வேலை முடித்து வந்து சுவரோரமாக நிறைந்திருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் பாயில். மேடத்துக்கு அதிபரின் அறையிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டிருந்தோம். முதல் நிகழ்ச்சி என் பாட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தலையில் ரிப்பன் கட்டி, கைகளை விரித்து, வாயைத் திறந்து பாடினார்கள்:

"வெல்கம் வெல்கம், ஃபில்தி வெல்கம், ஃபில்தி ஃபில்தி மேடம்."

'மேடம்' என்று வரும்போது எல்லாரும் ஒன்றாக அவரை நோக்கிக் கை காட்ட வேண்டும். அதை நான் விசேஷமாகப் பழக்கியிருந்தேன். ஒரு பிள்ளையும் தவறவிடவில்லை. மேடம் கைலேஞ்சியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சேற்றில் நின்றதில் தடிமன் பிடித்துவிட்டது போல என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அடுத்தது சேரின் வரவேற்புரை. வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாமல். குரல் முதலில் நடுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. மேடம் ஒரு ஃபில்தி கல்விமான் என்றார். அவர் வந்ததில் நாங்கள் ஃபில்தி சந்தோஷம் அடைகிறோம் என்றார். எங்கள் பிள்ளைகள் ஃபில்தி ஆர்வத்தோடு ஆங்கிலம் கற்கிறார்கள் என்றார். ஒவ்வொரு தரமும் அந்தச் சொல்லில் ஓர் அழுத்தம் கொடுத்து, சற்று நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கை தட்டியது. ஒலிபெருக்கி கூரையில் கட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்டிருக்கும்.

பேசி முடித்து, வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்தார். மேடத்தோடு வந்த கிளார்க் அவர் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். சேரின் கை துடைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பாராட்டு சொல்கிறார்கள், சேர் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். (புத்தி அப்படி வேலை செஞ்சிச்சு அன்னைக்கு.)

மேடம் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். ஆங்கிலத்தில், மிக மெதுவாக, "இந்த உரையையும் பாட்டையும் எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார்.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அதற்குள் சேர் எழுந்துவிட்டார்.

"ஐ, மேடம். நான்தான் எழுதினது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியது நான். உட்கார்ந்து யோசித்தது நான். யாரோ விட்டுப்போன சஞ்சிகையில் சொல் பொறுக்கியது நான். பாராட்டு வரும் நேரத்தில் இவர் எடுத்துக்கொள்வதா? சிவபாதம் சேரா இப்படி?

"சேர், அது நான்தானே எழுதினேன்" என்றேன்.

"நீர் இரும் பிள்ளை."

"இல்ல சேர். பாட்டு, பேச்சு, பேனர், மூணும் நான்தான்."

"பிள்ளை, நான் சொல்லுறன். இரும்." அவர் கண்ணால் ஏதோ சொல்லப் பார்த்தார். எனக்கு அது மிரட்டலாகத் தெரிந்தது.

"எல்லாரையும் கேட்டுப் பாருங்க சேர். நீங்க என்கிட்டத்தானே கேட்டீங்க, இது என்ன சொல்லுன்னு."

இந்த வாதம் முழுக்க ஒலிபெருக்கியில் போனது. சேர் இரண்டு கைகளையும் விரித்து, ஒரு பெரிய மூச்சை விட்டு, உட்கார்ந்தார். உங்களைக் காப்பாற்றத் தான் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, ஆற்றுக்குள் நீங்களே குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அவருக்கு.

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லது. அப்படியானால் நீங்களே வாருங்கள். நான் பேசப்போவதைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லுங்கள்."

நான் நடந்து போன நடையை இன்றும் பார்த்தவர்கள் சொல்வார்கள். சேரின் பக்கம் திரும்பாமல், கழுத்தை நிமிர்த்தி, கோயில் தேர் மாதிரி போனேனாம். போய் மேடத்தின் பக்கத்தில் நின்றேன்.

அவர் முதல் வசனத்தைச் சொன்னார்: "ஃபில்தி என்ற சொல்லுக்கு மிகவும் அழுக்கான என்று பொருள்."

மண்டபம் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

அந்தச் சில நொடிகளில் எனக்குள் நடந்ததைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். பதாகை ஞாபகம் வந்தது. அவர் காலில் சேறு ஞாபகம் வந்தது. ரிப்பன் கட்டிய பிள்ளைகள் ஒன்றாகக் கை காட்டியது ஞாபகம் வந்தது. சேரின் பக்கம் திரும்பினேன். அவர் எழுந்து முன்வந்தது பாராட்டு வாங்க இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. இங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மேடத்துக்குத் தமிழ் தெரியாது. கிளார்க்குக்கும் தெரியாது போல, சேரின் காதில்கூடச் சிங்களத்தில்தான் பேசினார். 'ஃபில்தி என்றால் மிகச் சிறந்தது' என்று நான் தமிழில் சொன்னால் யாருக்குத் தெரியும்? கூட்டம் கை தட்டும். மேடமும் தட்டுவார். எல்லாரும் வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பாயில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். நாளைக்கும் இவர்களுக்கு நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"ஃபில்தின்னா..." என்றேன். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன். "ஃபில்தின்னா ஊத்தை. ரொம்ப ஊத்தை."

பின்னால் ஒரு பெண் சிரித்தார், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த முனியாண்டி எழுந்தார். தொழிற்சங்கத் தலைவர், பெற்றோர் சார்பில் பேசுபவர்.

"எங்களைத்தான் காலங்காலமா ஊத்தைங்கிறாங்க. இப்ப நம்ம புள்ளைங்க வாயாலயே வந்த விருந்தாளிய அப்படிச் சொல்ல வச்சிட்டீங்களே டீச்சர்" என்றார்.

அது கோபம்கூட இல்லை. வேதனை. எனக்கு வெட்கம் போய், குற்றவுணர்வு வந்தது. மேடம் என்னிடம், "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அவர் பேசியதை நான் தமிழில் சொன்னேன். இங்கேயும் அதையேதான் தருகிறேன்.

"ஐயா, எனக்கு இன்று கிடைத்த ஊத்தை வரவேற்பு உண்மையானதுதான். அதைக் கொடுத்தது நீங்கள் இல்லை, உங்கள் பாதை. அந்தப் பாதையைப் போட வேண்டியவர்கள் என்னைப்போல அலுவலகத்தில் இருப்பவர்கள். சேற்றை என் காலிலிருந்து கழுவிவிட்டவர்கள் உங்கள் வீட்டுப் பெண்கள். ஆகவே இதில் யார் சுத்தம், யார் ஊத்தை என்று எனக்குக் குழப்பம் இல்லை."

முனியாண்டி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு மேடம் பிள்ளைகளிடம் திரும்பினார். "பந்து விளையாடும்போது ஒருவன் முறைகேடாக ஆடினால் என்ன சொல்லிக் கத்துவீர்கள்?"

"ஃபவுல்" என்று மண்டபமே சொன்னது.

"அந்த ஃபவுல்தான் இதற்குத் தாய். பழைய ஆங்கிலத்தில் அழுகியது, நாற்றமெடுத்தது என்று பொருள். வார்ம் என்ற சொல்லிலிருந்து வார்ம்த் வந்தது, ட்ரூ என்ற சொல்லிலிருந்து ட்ரூத் வந்தது. அதுபோல ஃபவுல் என்பதிலிருந்து, நெடுங்காலத்தில் சத்தம் கொஞ்சம் மாறி, ஃபில்த் வந்தது. ஃபில்த் என்றால் ஊத்தை. அதற்கு ஒரு வால் ஒட்டினால் ஃபில்தி."

பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான். சொல்லுக்குத் தாய் இருக்கும், பேத்தி இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

மேடம் என்னைக் கேட்டார். "நீங்கள் இதை மிகவும் என்ற பொருளில் எங்கே பார்த்தீர்கள்?"

ரயில், சஞ்சிகை, கப்பல்காரர், வெள்ளைச் சப்பாத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கள் டீச்சர் நினைத்தது முட்டாள்தனம் இல்லை. தப்பு வழியில் வந்த பணத்தை ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பு ஊத்தைப் பணம் என்று சொன்னது. அந்தப் பேச்சு பழகிப்பழகி, அளவுக்கு மிஞ்சிய பணம் உள்ளவனை ஃபில்தி ரிச் என்று கேலியாகச் சொல்லத் தொடங்கினார்கள். ரிச் என்ற அந்த ஒரு வீட்டில் மட்டும் இந்தச் சொல்லுக்கு மிகவும் என்ற பொருள் வந்துவிட்டது. உங்கள் டீச்சர் அதை மற்ற வீடுகளுக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்."

எனக்கு அப்போது எங்கிருந்தோ தைரியம் வந்தது. "மேடம், தமிழ்லயும் இப்படி இருக்கு. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தா, பயங்கரமா நல்லா இருக்குன்னு சொல்லுவோம்" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

"பயங்கரம் என்றால்?"

"பயமூட்டுவது."

"சிங்களத்திலும் இருக்கிறது" என்றார் அவர். "பெடியன்கள் 'மார லஸ்ஸனய்' என்பார்கள். மிகவும் அழகு என்று பொருள். ஆனால் மார என்றால் உயிரை எடுக்க வருகிறானே, அவன்." பெற்றோர்களில் பாதிப்பேருக்குச் சிங்களம் தெரியும். என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமலே சிரித்துவிட்டார்கள். முனியாண்டியும் சிரித்தார். மூன்று மொழிகளும் ஒரே பைத்தியம் பிடித்தவை என்று தெரிந்ததில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

விழா முடிந்ததும் பதாகையை அவிழ்க்க ஓடினேன். மேடம் தடுத்துவிட்டார். சேற்றுக் காலோடு பதாகைக்குக் கீழே நின்று, சேரையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து, கிளார்க்கைப் படம் எடுக்கச் சொன்னார். பாதைக்காக யாரிடமாவது கேட்கும்போது இது தனக்கு உதவும் என்றார். சில காலத்துக்குப் பிறகு அந்தப் பாதைக்குக் கல் போட்டார்கள். படத்துக்காகப் போட்டார்களா, தேர்தலுக்காகப் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

தேத்தண்ணி குடிக்கும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று தயாராக நின்றேன். அவர் தமிழில் பேசினார். உடைந்த தமிழ், ஆனால் தமிழ்.

"நான் பிலிமத்தலாவையில வளர்ந்தது. நம்ம வீட்டுக்குப் பக்கத்துல தமிழ் ஆளுங்க கடை. ஊத்தை எனக்கு நல்லாத் தெரியும். சின்னப் புள்ளையில அந்தக் கடை அம்மா என்னைப் பார்த்து எந்த நாளும் சொல்றது."

கடித்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன். 'மிகச் சிறந்தது' என்று மட்டும் நான் மொழிபெயர்த்திருந்தால்?

"நீங்க மாத்திச் சொல்லுவீங்கன்னு நான் பாத்துக்கிட்டு இருந்தது" என்றார் அவர். "நானா இருந்தா மாத்தியிருக்கும்." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, நேர்முகத்துக்கு என் பெயரை அனுப்புவதாகவும், அதற்கு முன் ஓர் அகராதி வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார்.

அவர் போன பிறகு சேரிடம் போனேன். அவர் கதிரையை அறைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்க பாராட்டை எடுத்துக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன்."

"தெரியும் பிள்ளை. உம்மட முகத்தில எழுதி இருந்தது."

"ஏன் சேர் அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு நியமனம் கிடக்கு. இங்கிலிசு தெரியாது எண்டு எல்லாருக்கும் தெரியும். எனக்கு என்ன நட்டம்?" கதிரையின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார். "பிடியும். கனக்குது."

அவ்வளவுதான் அவர் பேசினார். அதற்குப் பிறகு நான் பல அதிபர்களுக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். யாரோ செய்த பிழைக்கு, யோசிக்கவே நேரம் எடுக்காமல், கூட்டத்துக்கு முன்னால் எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

அன்று பொழுது சாய வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கொழுந்து பறித்துக் களைத்து வந்து, ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து மாவில் தண்ணீர் கூடிவிட்டது.

"அந்தம்மா பெரிய மனுசி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்தச் சொல்லு வாய்க்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எனக்கு நியமனம் வந்தது. அம்மாவுக்கு ஒரு சொல் வந்தது. மகள் வாங்கிய 'டி'யின் பலனாக அவர் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட ஒரே ஆங்கிலச் சொல். அதன் பொருளை நான் எத்தனையோ தரம் விளக்கிவிட்டேன். ஊத்தை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் பழைய பொருளில்தான் பாவிப்பார். எங்கள் வீட்டில் குளிர் ஃபில்தி குளிராகத்தான் அடிக்கும். என் கணவர் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதும் அம்மா சொன்ன முதல் கருத்து, "பையன் ஃபில்தி செவப்பு" என்பது. என் பிள்ளைகள் பேச்சு வந்த நாளிலிருந்து இப்படித்தான் பேசுகிறார்கள். ஆங்கில ஆசிரியையின் வீடு.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு முழங்காலில் ஒரு சத்திரசிகிச்சை. கண்டியில் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தார். இளம் டொக்டர் ஒருவர், தமிழ்ப் பையன்தான், பார்க்க வந்தார். "வலி எப்படி அம்மா இருக்கு?" என்று கேட்டார். அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, படித்தவரோடு பேசும் மரியாதையில், "ஃபில்தி வலி டொக்டர்" என்றார்.

டொக்டரின் முகம் மாறியது. உடனே நேர்ஸைக் கூப்பிட்டு, கட்டை அவிழ்க்கச் சொல்லி, புண்ணில் அழுக்குச் சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயிலில் தொடங்கி, பதாகை, பாட்டு, சேர், மேடம் எல்லாவற்றையும் அந்த வாட் முழுவதும் கேட்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்துக் கட்டில் ஆச்சி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன்னைச் சிரிக்க வைக்க வேண்டாம் என்று கெஞ்சினார்.

மறுநாள் காலை டொக்டர் வந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தார். முகத்தைக் கொஞ்சமும் சிரிக்க விடாமல், "அம்மா, புண் இன்னைக்கு ஃபில்தி சுத்தமா இருக்கு" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? டொக்டரே சொல்றாரு. இன்னும் நீ என்கிட்ட அதுக்கு வேற அர்த்தம்னு சொல்லிக்கிட்டு இரு."